கற்றுக்குட்டிப் பொத்தான்

முதல்முறையாக ட்ரோன் வாங்குகிறவர்கள் கேமராவைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அது தவறு. முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டும். அடுத்து, பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். கேமரா எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், இத்தனை வகை இருக்க இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டீர்கள், மேடம். நல்ல கேள்வி. மூன்று வாரமாக என்னிடம் வந்த மற்ற அதிகாரிகள் யானையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். யானை என்ன செய்யும், பாவம்.

என் பெயர் மலேம்பா. முப்பத்தொரு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இறந்துபோன கிசோம்பே என் தம்பி, என்னைவிட ஒன்பது வயது இளையவன். சகல்லா மலையடிவாரத்தில் எங்கள் இரண்டு பேர் நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. வடக்கே என்னுடையது, தெற்கே அவனுடையது. கிழக்கே ரயில் பாதை, அதைத் தாண்டினால் காடு. என் நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த பதினொரு யானைகளைக் கிழக்கே காட்டுக்குள் விரட்டப் போனேன், அவை தெற்கே ஓடித் தம்பியை மிதித்துவிட்டன. என் கை தவறிவிட்டது என்று சொன்னேன். உங்கள் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

அந்தத் தவறு என்னவென்று உங்களுக்கு யாராவது சரியாக விளக்கினார்களா தெரியவில்லை. ட்ரோன் நம்மை விட்டு விலகிப் போகும்போது ரிமோட்டில் இருக்கும் குச்சியை வலதுபக்கம் தள்ளினால் வலதுபக்கம் போகும். அது திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது, அதன் வலது நமக்கு இடது. புதிதாக ஓட்டுகிறவன் அங்கே குழம்பிவிடுவான். மரத்தில் மோதுவது, கிணற்றில் விழுவது எல்லாம் அதனால்தான். நானும் குழம்பிவிட்டேன் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஓய்வு பெற்ற கிழவன், கையில் புதுச் சாமான், வேறு எப்படி ஆகும்?

நீங்கள் தலையாட்டவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. அதை நான் கவனித்தேன்.

போன வருடம் எங்கள் விவசாயிகள் சங்கம் ட்ரோன் வாங்க முடிவு செய்தது. யானைக்குத் தேனீ என்றால் பயம். தும்பிக்கைக்குள்ளும் கண்ணோரத்திலும் கொட்டிவிடும் என்று அதற்குத் தெரியும். ட்ரோன் சத்தம் அதன் காதில் தேனீக் கூட்டமாகத்தான் விழுகிறது. அதனால் தகரம் தட்டியும் மிளகாய்ப் புகை போட்டும் போகாத யானை ட்ரோனுக்குப் போய்விடும். அனுமதிச் சீட்டு வாங்கும் அலைச்சலும் ட்ரோன் தேர்ந்தெடுக்கும் வேலையும் என்னிடம் வந்தன. சங்கத்தில் கைபேசித் திரையில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மொம்பாசாவில் கடைக்காரர் முதலில் ஒரு வெள்ளை ட்ரோனைக் காட்டினார். கைக்குள் அடங்கும் அளவு, பூனை மாதிரி சத்தமே இல்லை. "வாத்தியாரே, கல்யாண வீட்ல தலைக்கு மேல நின்னாக்கூட பொண்ணுக்குத் தெரியாது" என்றார். எனக்குக் கல்யாணம் எதுவும் இல்லை, அதிகமாகச் சத்தம் போடுவதைக் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் பரணிலிருந்து ஒரு பழைய மாதிரியை இறக்கினார். ஆறு இறக்கை, ஒவ்வொன்றும் என் முன்னங்கை நீளம். "எல்லாரும் சத்தம் கம்மியா இருக்கானு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் அதிகமா கேக்கறீங்க. ஏன், வீட்ல பேச ஆளில்லையா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெட்டியின் ஒட்டுநாடா இரண்டு முறை ஒட்டப்பட்டிருந்தது. யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்ததாக இருக்கலாம். அங்கேயே பிரித்துத் திருகாணிகளை எண்ணினேன். சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் எண்ணாமல் இருந்திருக்க முடியுமா?

இதைச் சந்தேகப் புத்தி என்பார்கள். என் மனைவியும் அதைத்தான் சொல்லிவிட்டு எட்டு வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்குப் போனாள். நான் சந்தேகப்படுகிறவன் இல்லை, கவனிக்கிறவன். பரீட்சை அறையில் நாற்பது தலை குனிந்திருக்கும். ஒரு தலை மட்டும் நிமிர்ந்து வாத்தியார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும். காப்பியடிக்கிறவன் அவன்தான். முப்பத்தொரு வருடத்தில் நான் பிடித்த யாரும் கடைசிவரை மறுத்ததில்லை. சிலர் பிறகு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், அது அவர்கள் விருப்பம்.

அந்த ஆறு இறக்கை ட்ரோனை நான் எடுத்ததற்கு இன்னொரு காரணம், அதன் ரிமோட்டில் இருந்த மஞ்சள் பொத்தான். கடைக்காரர் அதற்குக் கற்றுக்குட்டிப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தார். அதை அமுக்கிவிட்டால் ட்ரோன் எந்தப் பக்கம் முகம் திருப்பி நின்றாலும் நம்முடைய வலதுதான் அதற்கும் வலது. குழப்பத்துக்கே இடமில்லை. முதல் ட்ரோன் வாங்குகிறவனுக்கு அதைவிட முக்கியமான விஷயம் கிடையாது என்று சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். கூட்டக் குறிப்பில் அது இருக்கும். நீங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பள்ளி மைதானத்தில் பழகினேன். முதல் வாரம் ஆடுகள் மிரண்டன, இரண்டாவது வாரம் பாதிரியார் மிரண்டார். அதிகாலையிலேயே ஊரை எழுப்பிவிடுகிறது என்று பெண்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கம் மாமியார் எதிரே வந்தால் மருமகன் பாதையை விட்டு விலகி ஓட வேண்டும், அது வழக்கம். யானைகள் முதல்முறை ஓடியபோது, "பாத்தீங்களா, எல்லாம் நல்ல மாப்பிள்ளைங்க" என்று ஒருத்தி சொன்னாள். கிசோம்பேயும் அன்று அங்கே இருந்தான். தேன்பெட்டி தூக்கித் தூக்கி அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "அண்ணே, உன் தேனீ நல்லாக் கத்துது. தேன் எப்போ தரும்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எப்போதும் இப்படித்தான், பத்துப் பேர் இருக்கும்போதுதான் என்னிடம் பேசுவான்.

அவனுடைய தேனீக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் தன் நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, பத்தடிக்கு ஒரு தேன்பெட்டி தொங்கவிட்டிருந்தான். யானை கம்பியில் உரசினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த யானை திரும்பிக் காட்டுக்குப் போய்விடுமா? போகாது. கம்பியோரமாகவே வடக்கே நடக்கும். கம்பி முடியும் இடத்தில் என் மக்காச்சோளம் இருக்கும். மூன்று அறுவடை அப்படிப் போயிற்று. அவன் வீட்டில் தேனும் பாசிப்பயறும், என் வீட்டில் யானைச் சாணம். இதை அவன் யோசிக்காமல் செய்தான் என்று நீங்கள் நம்பலாம். அவனுக்கு என்னைவிட மூளை உண்டு, அதனால் நான் நம்பவில்லை.

அப்பா இறந்து நிலம் பிரித்தபோது தெற்குப் பாதி அவனுக்குப் போயிற்று. மழைநீர்க் குளம் அந்தப் பக்கம். நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் குலத்துப் பெரியவர் ந்யாம்பு, இரண்டு பேரும் கோபத்தைத் துப்பிவிடுங்கள் என்றார். நீங்கள் ஏரிப் பக்கத்துக்காரர், இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நெஞ்சில் மறைத்து வைத்த கோபம் சொந்தக்காரர்களைக் கொல்லும் என்பது எங்கள் தைத்தா மக்களின் நம்பிக்கை. ஒரு வாய் தண்ணீர் எடுத்து, கோபத்தை நினைத்து, அதைத் தரையில் தூவித் துப்ப வேண்டும். பிறகு, என் நெஞ்சு குளிர்ந்தது என்று சொல்ல வேண்டும். கிசோம்பே துப்பினான். தண்ணீர் என் கால்வரை தெறித்தது. அவனுக்கு என்மேல் அவ்வளவு கோபம் இருந்திருக்கிறது பாருங்கள். என் முறை வந்தபோது வெயில் ஏறிவிட்டது, எனக்கு நல்ல தாகம். தண்ணீர் உள்ளே போய்விட்டது. நெஞ்சு குளிர்ந்தது என்று சொன்னேன். அது பொய்யில்லை, குளிர்ந்த தண்ணீர்தான்.

ட்ரோன் வந்த பிறகுதான் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது. தரையில் நிற்கிறவனுக்கு வேலிதான் தெரியும். மேலே போனால் யானைத் தடங்கள் தெரியும், எல்லாம் அவன் கம்பி முனையிலிருந்து என் நிலத்துக்குள் வரிவரியாக வருகின்றன. தினமும் காலையில் பயிற்சி என்று பறக்கவிட்டுத் தம்பி நிலத்துக்கு மேலே நிறுத்திப் பார்ப்பேன். உங்கள் மேசையில் இருக்கும் அந்தச் சின்ன மெமரி அட்டையில் அறுபத்திரண்டு படம் இருக்கும். அவன் சிவப்புத் தொப்பி போட்டிருப்பான், அதனால் தேட வேண்டியதில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் அவன் எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கும் எல்லையில் காலடி வைத்து அளப்பதைப் பார்த்தேன். மறுநாள் அவனும் மனைவி வாகியோவும் கயிறு பிடித்தார்கள். கயிறு எல்லையோடு நிற்கவில்லை, என் நிலத்தின் கிழக்கு ஓரம் முழுவதும் போயிற்று. நாலாம் நாள் நடு எல்லையில் இருந்த கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தான். ஒருநாள் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தான். பார்த்துக் கையை ஆட்டினான், வாயைத் திறந்து ஏதோ சொன்னான். ஆறு இறக்கைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. நிமிர்ந்து பார்க்கிற தலை எது என்று நான் உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அவன் என்னிடம் சொல்லாமல் செய்தான் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், எல்லோருக்கும் முன்னால், சொன்னான். "அண்ணே, ரெண்டு நிலத்தையும் சேத்து ஒரே வேலியாப் போட்ருவோம். நடுவுல கம்பி எதுக்கு? இது அண்ணன் நிலம், இது தம்பி நிலம்னு யானைக்குத் தெரியவா போகுது?" யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன். இன்றைக்கு ஒரே வேலி. நாளைக்கு ஒரே வேலிக்குள் இருக்கும் ஒரே நிலம். எனக்குப் பிறகு யார் இருக்கிறார்கள்? மனைவி வரமாட்டாள், மகளுக்கு மண் வேண்டாம். வேலி யாருடையதோ நிலமும் அவனுடையது என்று ஒரு கூட்டம் சொல்லும், ந்யாம்புவும் ஆமாம் என்பார். அப்பாவின் நிலத்தில் எனக்கென்று மிச்சமிருந்த பாதியும் போய்விடும். எனக்கு வேறு என்ன இருக்கிறது, மேடம்?

நாற்பத்தெட்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? அவன் வீட்டுப் பின்புறம் எட்டுப் புதுத் தேன்பெட்டிகள் வரிசையாகக் காய்கின்றன. வாகியோ நீலச் சாயத்தில் ஒவ்வொரு மூடியிலும் ஒரே பெயரை எழுதியிருக்கிறாள். மலேம்பா. எட்டிலும் என் பெயர்தான். ஆமாம், நான் அதைப் பார்த்தேன். அவன் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு. அடக்கத்துக்குப் பிறகு சொந்தக்காரர்கள் கேட்டபோது பெட்டியைப் பற்றித் தெரியாது என்று சொன்னேன், இப்போது உங்களிடம் சரியாகச் சொல்கிறேன். படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுப் பெட்டி செதுக்குவது ஒரு மாத வேலை. காரணமில்லாமல் ஒருவன் இன்னொருவனுக்காக ஒரு மாதம் வேலை செய்வானா? அதுவும் தண்ணீர் கால்வரை தெறிக்கத் துப்பினவன்? பெட்டியில் என் பெயரைப் போட்டால், அவனுடைய பெட்டி என் நிலத்தில் இருப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறவனா என் தம்பி என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குள் நான் யானை ஓட்டுவதில் நன்றாகத் தேறியிருந்தேன். யானை சத்தத்துக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் ஓடும். மேற்கே நிறுத்தினால் கிழக்கே போகும். வடக்கே நிறுத்தினால் தெற்கே போகும். குட்டிகள் இருந்தால் இன்னும் வேகமாக, இன்னும் நெருக்கமாகப் போகும். வழியில் எது இருந்தாலும் சுற்றிப் போக அவற்றுக்கு நேரமிருக்காது. இதையெல்லாம் நான் சங்கத்தில் ட்ரோன் ஓட்டப் பழகிய மற்ற இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். எந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும் என்பது என்னுடைய முதல் பாடம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, முந்தின நாள் கிமாங்கா மசியலைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக விடிவதற்குள் போய்விடும் யானைக் கூட்டம் அன்று போகவில்லை. என் சோளத்துக்குள் நின்றிருந்தது. மூன்று குட்டிகள். சங்கத்திலிருந்து போன் வருவதற்கு முன்பே நான் வாசலுக்கு வந்துவிட்டேன். பேட்டரி முழுதாக இருந்தது. மேலே ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். யானைகள் என் நிலத்தின் நடுவில். சிவப்புத் தொப்பி தெற்கே, கம்பி அவிழ்த்த எல்லையில், பழைய கம்பத்தைப் பிடுங்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தது. குழியில் இடுப்பளவு நின்றான். சோளம் உயரமாக இருந்ததால் அவனுக்கு யானை தெரியவில்லை.

அவனுக்கு நான் போன் செய்திருக்கலாம். எண் எனக்கு மனப்பாடம்.

ட்ரோனை மேற்கே கொண்டுபோகவில்லை. வடக்கே கொண்டுபோனேன். மெதுவாகத்தான் கொண்டுபோனேன், அவசரப்படவில்லை. பனையுயரத்துக்கு இறக்கி அங்கேயே நிறுத்தினேன். முதலில் தலைவி யானையின் காது விரிந்தது, பிறகு எல்லாமாகச் சேர்ந்து ஓடின. கிசோம்பே ட்ரோன் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தான். வழக்கம்போலக் கையை ஆட்டினான். திரையில் சத்தம் வராது, அது இந்த மாதிரியில் ஒரு குறை. கொஞ்ச நேரம் புழுதியாக இருந்தது. புழுதி அடங்கியதும் தொப்பி வேறு இடத்தில் கிடந்தது. பேட்டரி இருபது சதவீதத்துக்கு வந்ததும் ட்ரோன் தானாகவே திரும்பிப் புறப்பட்ட இடத்தில் வந்து இறங்கிவிட்டது. முதல் ட்ரோன் வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் உபயோகமான வசதி.

வாகியோ ஓடிவந்தது எனக்கு நினைவிருக்கிறது. என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். "மாமா, அவரைத் தூக்குங்க மாமா" என்றாள். தூக்கினேன். நான்தான் தலைப்பக்கம் பிடித்தேன்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் ந்யாம்பு சொந்தக்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். யானை மிதித்துச் சாவது சும்மா வரும் சாவு இல்லை, யாரோ நெஞ்சில் எதையோ வைத்திருக்கிறார்கள், எல்லோரும் துப்புங்கள் என்றார். சுரைக்குடுக்கை கைமாறி வந்தது. பெண்கள் அழுதுகொண்டே துப்பினார்கள். நானும் வாயில் தண்ணீர் எடுத்தேன், குனிந்தேன், ஊதினேன், நெஞ்சு குளிர்ந்தது என்றேன். எல்லோரும் துப்புகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாகியோ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் மண் நனைந்திருந்தது, என் முன்னால் நனையவில்லை என்று அவள்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அதிகம் படிக்காத பெண், நனையாத மண்ணை ஒரு சாட்சி என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். கவனிக்கத் தெரிந்தவள். அவள் என் வகுப்பில் இருந்திருந்தால் நன்றாக வந்திருப்பாள்.

அதன் பிறகுதான் நீங்கள் ரிமோட்டைக் கேட்டு வாங்கினீர்கள். அது எல்லாவற்றையும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும், கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம். அன்றைக்கு மஞ்சள் பொத்தான் அமுக்கியே இருந்தது. அது அமுக்கியிருந்தால் இடது வலது குழம்பவே குழம்பாது. கற்றுக்குட்டி செய்கிற தவறை அந்த ட்ரோனில் யாரும் செய்ய முடியாது, அதற்காகத்தான் அதை வாங்கினேன். ஆகவே கை தவறவில்லை, மேடம். யானைகளைத் தம்பி மேல் நான்தான் ஓட்டினேன். தெரிந்துதான் ஓட்டினேன். இப்போது எழுதிக்கொள்ளுங்கள்.

வாகியோ இதைக் கேட்டு அழுவாள். அழட்டும், அது நியாயம்தான். நீங்கள் அவளைப் பார்த்தால் அந்த எட்டுப் பெட்டிகளைப் பற்றிக் கேளுங்கள். மூன்றாவது பெட்டியில் தேனீ குடிவந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தானாக வந்த கூட்டத்தைக் காக்கவைக்கக் கூடாது, ஓடிவிடும். என் கிழக்கு ஓரத்தில் மாட்டிவிடச் சொல்லுங்கள். பெட்டியில் என் பெயர்தானே இருக்கிறது, எனக்குத்தானே செய்தான்.

ஒன்றை மட்டும் நீங்கள் தவறாக எழுதிவிடக் கூடாது. கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்குத் தம்பிமேல் எந்தக் கோபமும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நம்பாவிட்டால் இங்கேயே காட்டுகிறேன். உங்கள் மேசைமேல் தண்ணீர் இருக்கிறதே, அந்தத் தம்ளரை இப்படித் தள்ளுங்கள். ந்யாம்பு வேண்டாம், வாகியோ வேண்டாம், நீங்களே தரையைப் பாருங்கள். ஒரு வாய் போதும்.

மன்னிக்க வேண்டும், மேடம். விழுங்கிவிட்டேன். இன்னொரு தம்ளர் கொடுங்கள்.